குழந்தைகள் காப்பகத்துக்கு அரசுப் பணம்: யாருக்கு, எதற்கு, எந்தக் கணக்கில்?

மதுரையில் செல்லூர், வில்லாபுரம், ஜெய்ஹிந்துபுரம் பக்கம் நாலு தெரு நடந்தால் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வீடு ஒன்றாவது கண்ணில் படும். முன்னறையில் பாய் விரித்திருக்கும். விட்டத்தில் சேலைத் தொட்டில் ஆடும். தவழ்கிற பிள்ளை தெருவுக்கு வந்துவிடாமல் வாசலைப் பலகை வைத்து மறித்திருப்பார்கள். அம்மாக்கள் அப்பளம் போடவும், ஜவுளிக்கடைக்கும், சித்தாள் வேலைக்கும் போயிருப்பார்கள். இப்படிக் காப்பகம் நடத்தும் அக்காக்கள் வாயில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு: "சங்கமாப் பதிஞ்சுட்டா கவர்மெண்டு பணம் குடுக்குமாமே, நெசமா?"

இதற்குக் கிடைக்கிற பதில்கள்தான் வேடிக்கை. பதிவு செய்துதரும் ஆள் "கண்டிப்பா வரும்" என்பார். பக்கத்துத் தெரு பிளே ஸ்கூல்காரர் "அதெல்லாம் அங்கன்வாடிக்கு மட்டும்தான்" என்பார். இருபது வருடத்துக்கு முன் தொண்டு நிறுவனம் நடத்திய பெரியவர் "டெல்லிக்கு எழுதிப் போடு, நாங்கல்லாம் வாங்கலையா?" என்பார். மூவரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு திட்டத்தை, ஆளுக்கொரு காலத்தை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். அதைப் பிரித்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

காசு இல்லாத பயணத்துக்கு எதற்குச் சீட்டு?

சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் நடத்துநர் சீட்டுக் கொடுக்காமல் விடமாட்டார். வாங்காமல் உட்கார்ந்திருந்தால் திரும்பி வந்து கேட்பார். பயணம் செய்தவர் காசு தரவில்லை. அவருக்காக அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடுகட்டுகிறது. எத்தனை பேர் ஏறினார்கள் என்பதற்குச் சாட்சி அந்தச் சீட்டுதான். சீட்டில்லாமல் ஏறியவர் கணக்கில் இல்லாதவர்.

காப்பகத்துக்கு வரும் அரசுப் பணமும் இந்த வழியில்தான் வருகிறது. உங்களிடம் ஒரு கட்டடமும் பெயர்ப்பலகையும் இருப்பதற்காக யாரும் பணம் தருவதில்லை. இன்ன வயதுப் பிள்ளைகள் இத்தனை பேர், இத்தனை மணி நேரம் பத்திரமாக இருந்தார்கள், சாப்பிட்டார்கள், எடை பார்க்கப்பட்டார்கள் என்று காட்ட முடிந்தால், அந்தச் சேவைக்கான செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது. 'தகுதி பெறுவது' என்றால் அந்தச் சேவையைக் குறித்த அளவில் தருவது, தந்ததைக் காகிதத்தில் காட்டுவது, இரண்டும்தான்.

மூன்று காகிதம், மூன்று வேலை

பதிவு என்பது உங்கள் அமைப்புக்குச் சட்டத்தின் கண்ணில் ஒரு பெயர் கிடைப்பது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் நடக்கும். சிலர் அறக்கட்டளையாகப் பதிவார்கள். இதனால் வங்கிக் கணக்குத் தொடங்கலாம், ஒப்பந்தம் போடலாம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அங்கீகாரம் அல்லது உரிமம் என்பது 'இந்த இடத்தில் இந்த வேலையைச் செய்யலாம்' என்ற அனுமதி. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் இதைச் சேர்ந்தவை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரைப் பள்ளி எரிந்து 94 பிள்ளைகள் செத்த பிறகு, இந்தச் சான்றுகளில் அதிகாரிகள் கறாராக இருக்கிறார்கள். இருக்கவும் வேண்டும். மாடியில் ஒரே குறுகலான படிக்கட்டு வைத்துக்கொண்டு 'மனசு வச்சு விடுங்க சார்' என்று கேட்பதை நானும் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் இரக்கம் வருவதில்லை.

மானியம் என்பது மூன்றாவது. குறிப்பிட்ட திட்டம், குறிப்பிட்ட விதி, அந்த ஆண்டுக்கு ஒதுக்கிய தொகை மூன்றும் சேர்ந்தால் கிடைப்பது. முதல் இரண்டும் கையில் இருந்தாலும் திட்டத்தில் இடம் இல்லையென்றால் வராது.

சுருக்கமாக: பதிவு உங்களுக்குப் பெயர் தரும், அங்கீகாரம் அனுமதி தரும், மானியம்தான் பணம் தரும். ஒன்று கிடைத்தால் அடுத்தது தானாக வரும் என்பதே ஊரில் உலவும் பெரிய தவறு.

அங்கன்வாடி எங்கே பொருந்துகிறது?

"எங்க சென்டரை அங்கன்வாடியா மாத்திக்கலாமா?" என்று கேட்பவர்கள் நிறைய. முடியாது. அங்கன்வாடி அரசே நடத்தும் மையம். 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கடைசிக் கண்ணி அது. பணியாளரை நியமிப்பதும் உணவுப் பொருள் அனுப்புவதும் அரசுதான். தனியார் அதில் சேர வழியில்லை. ஆனால் மக்கள் அங்கன்வாடி கேட்க வழியுண்டு. ஒரு குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேருக்குக் குறையாமல் இருந்து, மையம் இல்லையென்றால், அங்குள்ளவர்கள் மையம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் சொல்லியிருக்கிறது.

மதுரை மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய பெருமை இருக்கிறது. அதிகம் பேர் பேசுவதில்லை. உலக வங்கிக் கடனோடு 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தை முதலில் சோதித்துப் பார்த்தது, மேலூரைத் தாண்டித் திருச்சி சாலையில் இருக்கும் கொட்டாம்பட்டி வட்டாரத்தில். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாமல் நிற்கும் பிள்ளையை மட்டும் பொறுக்கி எடுத்து, 90 நாள் கூடுதல் ஊட்டம் கொடுத்து, எடை ஏறியதும் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஆக்கிப் போடாமல், எடை அட்டை கைகாட்டும் பிள்ளைக்குக் கொடுப்பது அந்த முறை. இன்றைக்கும் குழந்தைகளுக்கான அரசுப் பணம் எடை, வருகை, வயது என்று எண்களைக் கேட்டுக்கொண்டே வருவதற்கு இது ஒரு முன்னோடி.

அங்கன்வாடியின் குறை நேரம்தான். பிற்பகலோடு வேலை முடிந்துவிடும். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வரும் அம்மாவுக்கு அது போதாது. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் மல்லிகைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் கதை வேறு மாதிரி. மொட்டு விரிவதற்குள் பறித்து மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு அனுப்ப வேண்டும் என்பதால் விடியுமுன்னே கிளம்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் எந்த மையமும் திறந்திருக்காது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் காப்பகத் திட்டம்.

பால்னா: இப்போது இருக்கும் கதவு

வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்கான ராஜீவ் காந்தி தேசியக் காப்பகத் திட்டம் 2006 ஜனவரி 1 முதல் நடந்தது. அப்போது மத்திய சமூகநல வாரியம் போன்ற அமைப்புகள் வழியாகத் தொண்டு நிறுவனங்களுக்குப் பணம் போயிற்று. 'டெல்லிக்கு எழுதிப் போடு' என்கிற பெரியவர் சொல்வது அந்தக் காலத்தை. 2017-இல் அது தேசியக் காப்பகத் திட்டம் ஆகி, நடத்தும் பொறுப்பு மாநிலங்களுக்கு வந்தது. 2022-இல், பெண்களுக்கான ஒன்றிய அரசுத் திட்டங்களைச் சேர்த்த மிஷன் சக்தி என்ற குடையின் கீழ் பால்னா என்ற பெயரில் மறுபடி உருமாறியது.

பால்னாவில் இரண்டு வகை. ஒன்று, தனித்து நடக்கும் காப்பகம். மற்றொன்று, அங்கன்வாடியிலேயே காப்பக வேலையையும் சேர்த்து நேரத்தை நீட்டுவது. இதற்குப் பெயர் அங்கன்வாடி-காப்பகம். இதற்காகக் கூடுதலாக ஒரு காப்பகப் பணியாளரையும் உதவியாளரையும் போடுவார்கள். அரசின் சாய்வு இரண்டாவது வகைப் பக்கம்தான். நாடு முழுக்க 17,000 அங்கன்வாடி-காப்பகங்கள் என்பது இலக்கு. தனியாகக் காப்பகம் நடத்துகிறவருக்கு இது உற்சாகமான செய்தி இல்லை. ஆனால் தெரிந்துகொண்டு மனுப் போடுவது நல்லது.

ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள் இதற்குள் வருவார்கள். மூன்று வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தேவை தூக்கம், பால், பேச்சு, விளையாட்டு. மூன்று முதல் ஆறு வரை முன்பருவக் கல்வி, அதாவது பள்ளிக்கு முந்தைய ஆடல், பாடல், கதை, கை வேலை. இரண்டும் ஒரே அறையில் நடக்கலாம், ஆனால் ஒரே வேலை இல்லை. 'நாங்க ஏ, பி, சி, டி சொல்லித் தர்றோம்' என்பதை மட்டும் பெருமையாகக் காட்டும் மையம், கைக்குழந்தைக்குத் தொட்டில் இருக்கிறதா என்ற கேள்வியில் விழுந்துவிடும்.

2017 விதிகளில் ஒரு காப்பகத்துக்கு 25 பிள்ளைகள் கணக்கு. மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம் திறந்திருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு 6 முதல் 8 சதுர அடி இடம். எட்டு என்றே வைத்துக்கொண்டால் 25 பிள்ளைக்கு 200 சதுர அடி. பத்துக்கு இருபது அறை ஒன்று. கேட்க எளிது. சமையல் மேடையும் பீரோவும் போக மிச்சம் இருக்கும் தரையை டேப் வைத்து அளந்தால்தான் தெரியும், பல முன்னறைகள் எவ்வளவு சிறியவை என்று.

பெற்றோரிடம் கொஞ்சம் கட்டணம் வாங்குவதும் அந்த விதிகளிலேயே இருந்தது: வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்துக்கு மாதம் 20 ரூபாய், பெற்றோர் இருவர் வருமானமும் சேர்த்து மாதம் 12,000 வரை என்றால் 100, அதற்கு மேல் 200. 'அரசுப் பணம் வந்தா ஒரு பைசா வாங்கக் கூடாது' என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். வாங்கலாம், ஆனால் விதித்த அளவுக்கு, ரசீதோடு.

பணம் எப்படிப் பிரிகிறது

2017 கணக்கில் நூறு ரூபாய்ச் செலவில் ஒன்றிய அரசு 60, மாநிலம் 30, நடத்தும் தொண்டு நிறுவனம் 10. பால்னாவில் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு ஒன்றியம் 60, மாநிலம் 40. இதில் கவனிக்க வேண்டியது, மாநிலம் தன் பங்கை வைத்து முன்மொழிவு அனுப்பாமல் ஒன்றியப் பணம் நகராது. நீங்கள் நேராக டெல்லிக்கு எழுதும் கடிதம் அதனால்தான் பதில் இல்லாமல் போகிறது. கதவு உள்ளூரில்தான் இருக்கிறது: வட்டாரத்தில் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், சுருக்கமாக சி.டி.பி.ஓ.; அவருக்கு மேல் மாவட்டத் திட்ட அலுவலர்.

இன்னொன்று. பணம் தவணையாக வரும். முதல் தவணையை எதற்குத் தந்தார்களோ அதற்குச் செலவழித்தேன் என்று கையெழுத்திட்டுக் கொடுக்கும் கணக்குக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் என்று பெயர். ஆபீஸ் பேச்சில் யூ.சி. இது போகாமல் அடுத்த தவணை வராது. உணவுக்கு வந்த பணத்தில் வாடகை கட்டக் கூடாது, சம்பளத்துக்கு வந்ததில் மின்விசிறி வாங்கக் கூடாது. வந்த பணம் வங்கியில் கிடந்து வட்டி ஏறினால் அந்த வட்டிக்கும் கணக்கு உண்டு.

ஆனால் பால்காரருக்குத் தவணை தெரியாது. அரிசிக் கடைக்கும் தெரியாது. பணம் தாமதமாகும் மாதங்களில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாக வேண்டும். சில மாதச் செலவைக் கையில் வைத்துக்கொள்ள முடியாத மையம் மானியத்தை நம்பி இறங்கினால் கடனில்தான் முடியும். மானியம் கிடைக்காததால் மூடிய காப்பகங்களை எல்லோரும் பேசுவார்கள். மானியம் கிடைத்து, அது வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்க முடியாமல் மூடியவற்றை யாரும் பேசுவதில்லை.

இதுவரை பார்த்ததை ஒரு வரியில் சொன்னால்: தனிக் காப்பகம் அரசுப் பணம் பெறும் வழி மாநிலத்தின் வழியாகத்தான், சேவைக்கு ஏற்பத்தான், தவணையில்தான்.

பதிவேட்டில் என்ன பார்ப்பார்கள்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மனு எழுதித் தர ஆள் கிடைப்பார்கள், பதிவேட்டை யாரும் உங்களுக்காக எழுத முடியாது.

வருகைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, அம்மாவின் வேலை, வந்த நேரம், கூட்டிப்போன நேரம், கூட்டிப்போனவர் யார், இத்தனையும் இருக்க வேண்டும். காலையில் பிள்ளை உள்ளே வரும்போதே எழுதிவிட வேண்டும். சாயங்காலம் உட்கார்ந்து மொத்தமாக எழுதிய பக்கம் பார்த்தாலே தெரியும்: ஒரே மை, ஒரே சாய்வு, எல்லோரும் சரியாக ஒன்பது மணிக்கு வந்திருப்பார்கள்.

அதைவிட மோசம், எல்லா நாளும் 25 பேரும் வந்ததாக எழுதுவது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், ஊரே வைகையில் நிற்கும்போது, உங்கள் மையத்தில் மட்டும் 25-க்கு 25 என்றால் ஆய்வுக்கு வருகிறவர் சிரித்துக்கொண்டே மூடி வைத்துவிடுவார். அவரும் மதுரைக்காரர்தானே. 17, 21, 19 என்று ஏறி இறங்கும் வருகைதான் நம்பும்படி இருக்கும். வராத பிள்ளைக்கு 'காய்ச்சல்', 'ஊருக்குப் போனது' என்று ஒரு சொல் எழுதியிருந்தால் இன்னும் நல்லது.

பிறகு ஒன்றோடொன்றைப் பொருத்திப் பார்ப்பார்கள். வருகையில் 18, சமையல் பதிவேட்டில் 25 பேருக்குச் சோறு என்றால் ஏழு பேர் சாப்பாடு எங்கே போனது? பருப்பு இருப்பு இரண்டு கிலோ என்று எழுதியிருக்கும், டப்பாவைத் திறந்தால் அரைக் கிலோ இருக்கும். பெரும்பாலும் இது திருட்டு கிடையாது, எழுத மறந்ததுதான். ஆனால் காகிதத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

எடைக்கு ஊக்கில் தொங்கும் தராசு போதும். பிள்ளை அழுது உதைக்கும், முள் ஆடும். ஆட்டம் நின்ற பிறகு படித்து அங்கேயே வளர்ச்சி அட்டையில் குறிக்க வேண்டும். இரண்டு மாதம் எடை ஏறாத பிள்ளைக்கு என்ன செய்தீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. 'ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம், இன்ன தேதி' என்ற ஒரு வரி, அழகாகச் சுவரில் வரைந்த மிக்கி மவுஸைவிடப் பெரிய தகுதி.

ஒரே பிள்ளையை இரண்டு இடத்தில் காட்டுவது தனி ஆபத்து. 2021 முதல் அங்கன்வாடிப் பதிவுகள் போஷன் டிராக்கர் என்ற செயலியில் ஏறுகின்றன. அங்கே உணவு வாங்குவதாக இருக்கும் பிள்ளையை உங்கள் உணவுக் கணக்கிலும் எழுதினால் இடிக்கும்.

எல்.கே.ஜி. பணம் வேறு வழி

இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (சுருக்கமாக ஆர்.டி.இ.) 2009-இன்படி சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். அந்தக் கட்டணத்தை அரசு ஈடுகட்டும்: பள்ளி வாங்கும் கட்டணம், அரசு ஒரு பிள்ளைக்குச் செலவிடும் தொகை, இரண்டில் எது குறைவோ அது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் நுழைவு வகுப்பு எல்.கே.ஜி. என்பதால், 'பிளே ஸ்கூலுக்கும் ஆர்.டி.இ. பணம் வரும்' என்ற பேச்சு கிளம்பியது. அங்கீகாரம் பெற்ற பள்ளிக்குத்தான் வரும். காப்பகத்துக்கோ, எல்.கே.ஜி.க்கு முந்தைய வகுப்புகளை மட்டும் நடத்தும் மையத்துக்கோ வராது. ஒன்றிய, மாநில அரசுகளின் நிதித் தகராறில் 2025-26 சேர்க்கை பள்ளி திறந்து மாதங்கள் கழித்தே தொடங்கியதை வைத்துப் பார்த்தால், பள்ளிகளுக்கே இது நம்பி உட்காரும் பணம் இல்லை.

அரசு தன் பங்குக்கு 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. உங்கள் பகுதியில் அப்படி ஒன்று இருந்தால், மூன்று வயது தாண்டிய பிள்ளைகள் காலையில் அங்கே போய்விட்டுப் பிற்பகல் உங்களிடம் வரும் ஏற்பாடுதான் புத்திசாலித்தனம்.

மனுவுக்கு முன் என்ன செய்வது?

பதிவை முடித்து அமைப்பின் பெயரில் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிய அரசின் நிதி ஆயோக் தொண்டு நிறுவனங்களுக்காக வைத்திருக்கும் என்ஜிஓ தர்பன் தளத்தில் பதிந்து எண் வாங்குங்கள். தொண்டு நிறுவனங்களின் மானிய மனுக்களில் அதைக் கேட்பது வழக்கம். அரசுப் பணம் போகும் பாதையைக் கண்காணிக்கும் பி.எஃப்.எம்.எஸ். அமைப்பில் உங்கள் கணக்கு சேர வேண்டியிருக்கும். பணியாளர்களுக்குக் காவல்துறை சரிபார்ப்பு வாங்கிவிடுங்கள். இவையெல்லாம் அலைச்சல்தான், ஆனால் கடினம் இல்லை.

கடினமானதும் பயன் தருவதும் தேவைப் பட்டியல். உங்கள் தெருக்களில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை, அவர்களின் அம்மாக்களில் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை, எந்த நேரம் போய் எந்த நேரம் வருகிறார்கள், பக்கத்து அங்கன்வாடி எத்தனை மணிக்கு மூடுகிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிய இரண்டு பக்கம். மாவட்டம் மேலே முன்மொழிவு அனுப்பும்போது அதில் வைக்கக் கூடிய சரக்கு இதுதான். 'ஏழைப் பிள்ளைகளுக்குச் சேவை செய்கிறோம்' என்ற நாலு பக்கக் கடிதத்தை யாரும் எதிலும் இணைக்க முடியாது.

திட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டால் இன்னொரு பக்கம் திரும்பலாம். 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தத்தில் வந்த விதிப்படி 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும். தாய் நாளுக்கு நான்கு முறை பிள்ளையைப் போய்ப் பார்க்கலாம். இது அரசுப் பணம் இல்லை, முதலாளியின் கடமை. தனியாகக் கட்ட இடமில்லாத நிறுவனங்களோடு பக்கத்திலேயே நடக்கும் நல்ல காப்பகம் ஒப்பந்தம் பேசலாம். பதிவேடு ஒழுங்காக இருக்கும் மையத்துக்கு அந்தப் பேச்சு சுலபம்.

அதுவும் அமையாவிட்டால், பிள்ளைகளை அம்மாக்கள் பெயரில் பக்கத்து அங்கன்வாடியில் பதியச் சொல்லுங்கள். சத்துமாவும் தடுப்பூசியும் எடையும் அங்கே கிடைக்கும். உங்கள் உணவுக் கணக்கில் அரசுப் பணம் இல்லாதவரை இதில் எந்த இடிப்பும் இல்லை. எடை பார்க்கும் நாள் எது என்று அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டு, அன்றைக்குப் பிள்ளைகளை நீங்களே நடத்திக் கூட்டிப் போய்விடலாம். வேலைக்குப் போன அம்மா ஒரு நாள் கூலியை விட வேண்டியதில்லை.